முப்பது வயதில் தூரிகை பிடித்த சுனயனி தேவி



தாகூர் என்றதும் நம் நினைவில் வருபவர் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர். 1913-இல் நோபல் பரிசு பெற்றவர். 1927-இல் மலாயாவுக்கு வந்து, நம் பக்கத்துப் பினாங்குக்கும் போனவர். அவருக்கு மகள் முறையாகும் ஒரு பெண்மணியைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அவர்தான் ஓவியர் சுனயனி தேவி.

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலம். கல்கத்தாவில் ஜோராசங்கோ என்னும் பகுதியில், தாகூர் குடும்பத்தின் பெரிய வீட்டில் 18-6-1875-இல் சுனயனி பிறந்தார். தகப்பனார் குணேந்திரநாத் ஓவியம் பயின்றவர். அவர் 1881-இல் காலமானபோது சுனயனி சின்னஞ்சிறு பிள்ளை. அண்ணன்மார் ககனேந்திரநாத், அவனீந்திரநாத் இருவரும் பிற்காலத்தில் இந்தியாவே போற்றும் ஓவியர்கள் ஆனார்கள்.

அவனீந்திரநாத்துக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க ஐரோப்பிய ஆசிரியர்கள் இருந்தார்கள். தங்கைக்கோ ஓர் ஆசிரியரும் இல்லை. 12 வயதில் கல்யாணம் ஆயிற்று. பிறகு குடும்பம், பிள்ளைகள், வீட்டு நிர்வாகம் என்று நாள்கள் ஓடின. ஆனாலும் கண்ணை யாராலும் கட்டிவைக்க முடியாதல்லவா? அண்ணன்மார் படம் வரைவதைப் பார்த்தார். வீட்டுச் சுவரில் தொங்கிய ரவிவர்மா சாமி படங்களைப் பார்த்தார். கிராமத்துப் பட ஓவியங்களையும் மண் பொம்மைகளையும் பார்த்தார். பார்த்ததெல்லாம் மனசிலே தங்கிவிட்டது.

முப்பது வயதில்தான் தூரிகையைக் கையில் எடுத்தார். தனி அறை கிடையாது. கட்டிலில் உட்கார்ந்து, வீட்டு வேலைகளையும் கவனித்துக்கொண்டே வரைவார். சிவப்பிலோ கறுப்பிலோ கோடு போட்டு, வண்ணம் தீட்டி, தாளைத் தண்ணீரில் நனைத்து எடுப்பார். வண்ணம் மங்கி, பனிமூட்டம் போலப் பரவும். ராதை, கிருஷ்ணர், அர்த்தநாரீஸ்வரர், பால்காரப் பெண்கள், தாயும் சேயும் எல்லாரும் நீண்ட கண்களோடு அந்தத் தாளில் உயிர் பெற்றார்கள். தம் படங்களில் பலவற்றைக் கனவிலே கண்டதாக அவர் சொல்வாராம்.

1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து கிளீ, கான்டின்ஸ்கி போன்றோரின் படங்கள் கப்பலேறி வந்தன. அதே கண்காட்சியில் சுனயனியின் படங்களும் மாட்டப்பட்டன. பள்ளிக்கூடத்தில் ஓவியம் படிக்காத ஒரு குடும்பத் தலைவிக்கு அது எப்பேர்ப்பட்ட பெருமை! ஆஸ்திரிய நாட்டுக் கலை அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார். 1962-இல் சுனயனி மறைந்தார். அவருடைய ஓவியங்கள் டில்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இடம்பெற்றுள்ளன.

சுனயனி வசதியான வீட்டுப் பெண். ஏவிய வேலையைச் செய்ய ஆள்கள் இருந்தார்கள். விடியுமுன்னே எழுந்து பால்மரம் சீவப் போன நம் தாய்மார்களுக்கு அந்த ஓய்வு ஏது? அது உண்மைதான். ஆனால் கலைக்குப் பேர்போன அந்த வீட்டிலேயே பையன்களுக்கு ஆசிரியர் வந்தார்; பெண்ணுக்கு வரவில்லை. பத்து வயதில் அவர் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்திருந்தால், இருபது ஆண்டுகள் வீணாகியிருக்குமா?

நம் வீடுகளை நினைத்துப் பார்ப்போம். தம்பிக்குக் கலர் பென்சில் வாங்கிக் கொடுக்கிறோம். அக்காவைப் பாத்திரம் கழுவக் கூப்பிடுகிறோம். பொம்பளப் பிள்ளைக்குப் படம் வரைஞ்சு என்ன ஆகப்போகுது என்கிறோம். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவள் வரைந்த மயிலைப் பார்த்து அடிக்கக் கை ஓங்குகிறோம்.

பெற்றோர்களே, அந்த நோட்டை ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். ஒரு கலர் பென்சில் பெட்டியும், வீட்டு வேலைக்கு நடுவே அரை மணி நேரமும் உங்கள் மகளுக்குக் கொடுங்கள். அவள் முப்பது வயது வரை காத்திருக்க வேண்டாம்.