பூங்கா தந்த ரம்போர்டு பிரபு

ஜெர்மனியில் மூனிச் நகரத்துப் பூங்காவில் சீனக் கோபுரம் ஒன்று நிற்கிறது. மரத்தால் ஆனது. ஐந்து அடுக்கு. உயரம் 25 மீட்டர். லண்டன் அருகே கியூ தோட்டத்தில் உள்ள சீனக் கோபுரத்தை மாதிரியாக வைத்து, 1790-ல் கட்டி முடித்தார்கள். 1944-ல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. 1952-ல் பழையபடியே மறுபடியும் கட்டினார்கள்.

இந்தப் பூங்கா உண்டாகக் காரணமானவர் ஜெர்மானியர் அல்ல, அமெரிக்கர்!

பெயர், பெஞ்சமின் தாம்சன். 1753-ல் மாசசூசெட்ஸில் குடியானவர் வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். 19 வயதில், தம்மைவிட மிகவும் மூத்த பணக்கார விதவையை மணந்தார்.

அமெரிக்க சுதந்திரப் போர் மூண்டது. தாம்சன் பிரிட்டிஷார் பக்கம் சேர்ந்தார். ஊரார் சும்மா விடுவார்களா? மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடினார். அந்த மனைவியை அவர் பிறகு பார்க்கவே இல்லை.

பிச்சைக்காரர்கள்

பவேரியாவை ஆண்ட கார்ல் தியோடர் அவரை ராணுவ வேலைக்கு அழைத்துக்கொண்டார். அங்கே சிப்பாய்களுக்குச் சம்பளம் சொற்பம். போர் இல்லாத நாளில் வேலையும் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் நிலம் கொடுத்துக் காய்கறி பயிரிடச் சொன்னார் தாம்சன். அந்தத் தோட்டத்தோடு சேர்த்து, 1789-ல் ஊர் ஜனங்களுக்கும் ஒரு பூங்கா போட ஏற்பாடு செய்தார்.

மூனிச் தெருக்களில் பிச்சைக்காரர் தொல்லை பெரிது. 1790 புத்தாண்டு தினத்தன்று அவர்களை எல்லாம் பிடிக்கச் செய்தார். சிறையில் தள்ளவில்லை. வேலையும், குளிர் காய இடமும், வயிறு நிறையச் சூப்பும் கொடுத்தார். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு போட்ட சூப். செலவு குறைவு!

பிரபு பட்டமும் கிடைத்தது. அதற்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் ரம்போர்டு. மனைவியை விட்டுவிட்டு வந்த ஊரின் பழைய பெயர் அது.

வெந்நீர்

பீரங்கி குடையும்போது பித்தளை ஏன் சுடுகிறது என்று ஆராய்ந்தவரும் இவரே. சுற்றிலும் தண்ணீர் ஊற்றிக் குடையச் செய்தார். நெருப்பே இல்லாமல், இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. வெப்பம் ஒருவகைத் திரவம் என்ற கொள்கை ஆட்டம் கண்டது.

அந்தக் கொள்கைக்குப் பேர்போனவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே. புரட்சியில் தலையை இழந்தவர். அவருடைய விதவையைத்தான் ரம்போர்டு 1805-ல் மணந்தார்! தினமும் சண்டை. ஒருநாள், மனைவி அழைத்த விருந்தாளிகள் நுழைய முடியாதபடி வாசல் கதவைப் பூட்டினார். அந்த அம்மாள் அவருடைய பூச்செடிகளுக்கு வெந்நீர் ஊற்றினார்.

1809-ல் இருவரும் பிரிந்தார்கள். 1814-ல் பாரிஸ் அருகே ஓட்டேய் என்ற இடத்தில் ரம்போர்டு காலமானார்.