காதில் ஒரு பொத்தான்: மார்கரெட் ஸ்டைஃப்



நம்ம குழுக்களில் தையல் தெரிந்த அக்காமார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் மார்கரெட் ஸ்டைஃப்.

ஜெர்மனியில் கீங்கன் என்ற சின்ன ஊரில் 1847-ல் பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்கள் இரண்டும் செயலிழந்தன. வலது கையிலும் பலமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கைவண்டியில் வைத்துத்தான் இழுத்துப் போனார்கள். அப்படியும் பிடிவாதமாகத் தையல் பழகினார். மிஷின் சக்கரம் வலது பக்கம்தானே இருக்கும்? அவர் மிஷினையே திருப்பிப் போட்டு, இடது கையால் சுற்றித் தைத்தார்!

1877-ல் கம்பளித் துணியில் உடுப்பு தைத்து விற்கும் கடை வைத்தார். பிறகு ஒரு பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, ஊசி குத்தி வைக்க யானை வடிவத்தில் சின்ன மெத்தை செய்தார். பெரியவங்க ஊசி குத்த வாங்கினாங்க. பிள்ளைகளோ அதைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போயிட்டாங்க. மார்கரெட் அதைக் கவனித்தார். அந்தக் காலத்துப் பொம்மைகள் பல மரம், தகரம், பீங்கானில் செய்தவை. கட்டிப் பிடித்துத் தூங்க முடியுமா? மெத்தென்ற பொம்மையைத்தான் பிள்ளை மனசு தேடுகிறது என்று புரிந்துகொண்டார். யானையே பொம்மையானது, ஆயிரக்கணக்கில் விற்றது.

புதுப் பொம்மை எதுவானாலும் முதல் மாதிரியை அவரே கையில் வாங்கிப் பார்ப்பார். சரியாக இருந்தால்தான் விற்பனைக்குப் போகும். தம்பியின் பிள்ளைகளும் தொழிலில் சேர்ந்தார்கள். அதில் ரிச்சர்ட் 1902-ல் கை கால் அசையும் கரடி பொம்மையை உருவாக்கினார். அடுத்த வருடம் லைப்சிக் சந்தையில் ஒரு அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1907-ல் தயாரான கரடிகள் 9,74,000. வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்த பெண்களும் அந்த உழைப்பில் பங்காளிகள்.

பேர் வந்ததும் போலிகளும் வந்தன. அதனால் 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தான் பதித்தார்கள். அது மற்றொரு மருமகன் ஃபிரான்ஸின் யோசனை.

மார்கரெட் 1909-ல் காலமானார். நூறு வருடங்கள் கடந்தும், பழைய ஸ்டைஃப் பொம்மை கையில் கிடைத்தால் முதலில் காதைத்தான் பார்க்கிறார்கள்.

நாமும் ஊறுகாய், மசாலாப் பொடி, துணிப் பை எல்லாவற்றிலும் குழுப் பெயரை ஒட்டுகிறோம். பெயர் இல்லாத பொருளில் குறை இருந்தால் யார் செய்தது என்று தெரியாது. பெயர் ஒட்டிவிட்டால் தப்பிக்க முடியாதுங்க. ஒரு தடவை உப்பு கூடினாலும் அந்த லேபிளே நம்மைக் காட்டிக் கொடுக்கும். பத்து தடவை சரியாக இருந்தால் அதே லேபிளைத் தேடி வருவாங்க. லேபிள் ஒட்டுவது ஒரு நிமிட வேலை. அதற்குத் தகுதியாக நடப்பதுதான் தினசரி வேலை. மார்கரெட் அந்த வேலையைக் கடைசி வரை செய்தார். நாமும் செய்வோம்.