கடலைப் படித்த றேச்சல் கார்சன்

றேச்சல் கார்சன் 1907இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். கடல் அங்கிருந்து வெகுதூரம். 1929இல் வூட்ஸ் ஹோல் கடல் ஆய்வுகூடத்துக்குப் போனபோதுதான் முதன்முதலில் கடலைக் கண்டார்.

1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் எடுத்தார். கலாநிதிப் பட்டத்துக்கும் படிக்க விருப்பம். ஆனால் வீட்டில் காசு இல்லை, படிப்பை இடையில் விட்டார். 1935இல் தகப்பன் இறந்தார். தாயைப் பார்க்கவேண்டிய பொறுப்பு. 1937இல் தமக்கையும் இறக்க, அவவின் இரண்டு பெண்பிள்ளைகளும் இவர் கையில்.

1936இல் அரசாங்க மீன்பிடித் திணைக்களத்தில் உத்தியோகம் கிடைத்தது. வேலை போக மிச்ச நேரத்தில் எழுதினார். 1951இல் வந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' நன்றாக விற்றது. அடுத்த வருடம் வேலையை விட்டார்.

1962இல் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. எங்கட நாட்டில் மலேரியாவுக்காக வீடுவீடாக அடிச்ச அதே டி.டி.ரி. பற்றிய புத்தகம். அங்கே எல்ம் மரங்களுக்கு அடிச்ச மருந்து இலையோடு மண்ணில் விழுந்தது. அதை மண்புழு தின்றது, புழுவைத் தின்ற றொபின் குருவிகள் செத்தன. இதை விளக்கி, மருந்தைக் கண்டபடி அடிக்காதீர்கள் என்றுதான் கேட்டார். மருந்துக் கம்பனிகள் சீறின. கலாநிதிப் பட்டம் இல்லாதவவுக்கு என்ன தெரியும் என்றும் ஏளனம் செய்தார்கள்.

அந்த நேரம் அவருக்கு மார்புப் புற்றுநோய். வெளியில் சொல்லாமல் 1963இல் செனற் சபைக் குழு முன் போய்ச் சாட்சி சொன்னார். 1964 ஏப்ரல் 14, எங்கட வருசப்பிறப்புக் காலத்தில், 56 வயதில் காலமானார். 1972இல் அமெரிக்கா பயிர்களுக்கு டி.டி.ரி. அடிப்பதைத் தடை செய்தது.

படிப்பை இடையில் விட்டிட்டு மெசினுக்கு முன்னால் நிற்கிற எங்களுக்கு இது தெரியவேண்டிய சீவியம். படிப்பு நிண்ட இடத்தில் அறிவும் நிண்டுவிட வேண்டுமென்று சட்டம் இல்லை.