வானத்தைப் படம் பிடித்த ஏழைச் சிறுவன்

இரவு வானத்தை நோக்கி வியக்காதவர் இல்லை. ஆனால் வியந்ததோடு நின்றுவிடாமல், அந்த வானத்தின் அழகைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, உலகத்தார் அனைவரும் கண்டு களிக்கச் செய்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க வானியல் அறிஞர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு. செல்வமும் இன்றி, பள்ளிப் படிப்பும் இன்றி, பொறுமை ஒன்றையே முதலாகக் கொண்டு உயர்ந்த அவரது வரலாற்றை மாணவிகளாகிய நாம் அறிந்துகொள்வது நலம்.

பர்னார்டு 1857-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் தனியொருத்தியாக உழைத்து இரு மைந்தரையும் வளர்த்தார். வறுமையோடு உள்நாட்டுப் போரின் கொடுமையும் சேர்ந்துகொண்டது. சிறுவன் எட்வர்டு பள்ளிக்குச் சென்றது ஏறக்குறைய இரண்டே மாதங்கள். எழுத்தறிவித்தவர் அன்னையே.

ஒன்பது வயது நிரம்புமுன்பே எட்வர்டு ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தான். மின் விளக்கு இல்லாத காலம் அது. படங்களைப் பெரிதாக்கச் சூரிய ஒளியே வேண்டும். அதற்கெனக் கட்டடத்தின் கூரைமேல் ‘ஜூபிடர்’ என்னும் பெயருடைய பெரிய கருவி ஒன்று இருந்தது. சூரியன் நகர நகர அதையும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அயர்ந்தாலும் படம் கெட்டுவிடும். முன்பு வந்த சிறுவர்கள் வெயிலில் தூங்கிவிடுவார்களாம். எட்வர்டு தூங்கவில்லை. நாள் முழுவதும் கண் இமையாமல் காத்து நின்றான். அந்தக் காவலே பிற்காலத்தில் தன்னைப் புகழேணியில் ஏற்றப்போகும் பயிற்சி என்பதை அவன் அன்று அறிந்திருக்க முடியாது.

பத்தொன்பது வயதை நெருங்கியபோது, வானியல் நூலொன்று தற்செயலாக அவர் கைக்கு வந்தது. அதிலிருந்த விண்மீன் படத்தை வைத்துக்கொண்டு, தாம் சிறு வயது முதல் பார்த்துவந்த நட்சத்திரங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். 1877-ஆம் ஆண்டில் 380 டாலர் கொடுத்து ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். அது அவரது ஓராண்டு ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு!

அதே ஆண்டில் அறிவியலாளர் மாநாடு ஒன்று நாஷ்வில்லில் கூடியது. புகழ்பெற்ற வானியல் அறிஞர் சைமன் நியூகோம் வந்திருந்தார். இளைஞர் பர்னார்டு ஆவலோடு சென்று யோசனை கேட்டார். கணிதம் கற்காமல் இத்துறையில் பெரிதாக எதையும் சாதிக்க இயலாது என்று அப்பெரியவர் சொல்லிவிட்டார். பர்னார்டு தனியே சென்று கண்ணீர் வடித்தார். ஆயினும் மனமுடைந்து தொலைநோக்கியை விற்றுவிடவில்லை. பகலில் உழைத்து, எஞ்சிய வேளையில் ஆசிரியரை அமர்த்திக் கணிதம் பயின்றார். இரவில் வால் நட்சத்திரங்களைத் தேடினார்.

புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பவருக்கு 200 டாலர் பரிசு தருவதாக வார்னர் என்னும் செல்வர் அந்நாளில் அறிவித்திருந்தார். 1881-ஆம் ஆண்டு முதல் பர்னார்டு அப்பரிசை மீண்டும் மீண்டும் பெற்றார். அந்தப் பணத்தால் தாய்க்கும், புது மனைவி ரோடாவுக்கும் ஒரு சிறு வீடு எழும்பிற்று. அதற்கு ‘வால் நட்சத்திர வீடு’ என்றே பெயர் ஏற்பட்டது. பின்னர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உதவித்தொகை அளித்து அவரை ஆதரித்தது.

1888-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலைமேலுள்ள லிக் வானாய்வுக் கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. லென்ஸ் வகைத் தொலைநோக்கிகளில் அந்நாளில் உலகிலேயே பெரியதான 36 அங்குலத் தொலைநோக்கி அங்கு இருந்தது. ஆனால் இளையவரான பர்னார்டுக்கு அது எளிதில் கிட்டவில்லை. அவர் கிடைத்ததைக் கொண்டு தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோ புகைப்படக்காரர் ஒருவரிடம் வாங்கப்பட்ட பழைய லென்ஸ் ஒன்று அங்கே இருந்தது. மனித முகங்களைப் படமெடுக்கச் செய்யப்பட்ட ஆறு அங்குல லென்ஸ் அது. அதை மரப்பெட்டியில் பொருத்தி, சிறு தொலைநோக்கி ஒன்றோடு சேர்த்துக் கட்டினார்.

இதன் நுட்பம் எளியது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றும். காமிரா அசையாது நின்றால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். ஆகவே தொலைநோக்கியில் ஒரு விண்மீனைக் குறியாக வைத்து, அது இம்மியும் விலகாதபடி கருவியைக் கையால் திருத்திக்கொண்டே இருந்தார் பர்னார்டு. குளிரிலும் காற்றிலும் மணிக்கணக்காக நின்றார். சூரியனைப் பின்தொடர்ந்த சிறுவன் இப்போது விண்மீனைப் பின்தொடர்ந்தான்! முகப்பட லென்ஸ் அகன்ற வானப்பரப்பை ஒளி மிகுந்து காட்டும். ஆதலால் 1889-ஆம் ஆண்டில் பால்வீதியின் விண்மீன் திரள்கள் அதுவரை எவரும் கண்டிராத தெளிவோடு அவரது தகடுகளில் பதிந்தன.

1892-ஆம் ஆண்டில் பெரிய தொலைநோக்கியும் வாரம் ஓர் இரவு அவருக்குக் கிடைத்தது. செப்டம்பர் 9 அன்று வியாழனின் ஐந்தாவது துணைக்கோளைக் கண்டார். கலிலியோ 1610-ல் கண்ட நான்குக்குப் பின் கிடைத்த முதல் துணைக்கோள் அது. அடுத்த மாதமே புகைப்படத்தின் மூலம் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இதுவும் உலகில் முதன்முறையாகும்.

1895-ல் எர்க்ஸ் வானாய்வுக் கூடத்திற்குச் சென்றார். கேதரின் புரூஸ் என்னும் சீமாட்டி அளித்த 7,000 டாலரில் பத்து அங்குலப் படக்கருவி உருவாயிற்று. தம் படங்களில் தெரிந்த கரிய இடங்களை விண்மீன்கள் இல்லாத வெற்றிடங்கள் என்றே அவர் நெடுங்காலம் எண்ணியிருந்தார். 1913-ல் ஓர் இரவு, ஒளிமிக்க பால்வீதியின் குறுக்கே சிறு மேகங்கள் கருமையாகத் தெரிவதைக் கண்டார். விண்வெளியிலும் ஒளியை மறைக்கும் மேகங்கள் உண்டு என்னும் எண்ணம் அவருள் வலுப்பட்டது. பழைய கருத்தைக் கைவிடத் தயங்கவில்லை. 1919-ல் 182 கரிய பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார். அத்தகைய மேகங்களில்தான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன என்பதை இன்று நாம் அறிவோம்.

1923-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் அவர் மறைந்தபோது, பால்வீதிப் படத்தொகுப்பு முடிவுறாமல் இருந்தது. 700 பிரதிகளுக்கும் வேண்டிய புகைப்பட அச்சுகள் ஒவ்வொன்றையும் அவரே சரிபார்த்திருந்தார். எஞ்சிய பணியை அவர் மனைவியின் உடன்பிறந்தார் மகளும் அவரது உதவியாளருமான மேரி கால்வர்ட், கூடத்தின் தலைவர் எட்வின் ஃப்ராஸ்டுடன் சேர்ந்து முடித்தார். 1927-ல் அந்நூல் வெளிவந்தது. ஒரு பெண்ணின் உழைப்பு அதற்கு நிறைவளித்தது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இன்று விண்மீனைப் பின்தொடர மோட்டார் உண்டு. கைப்பேசியிலேயே நல்ல காமிரா உண்டு. தை, மாசி இரவுகளில் தெருவிளக்கில்லாத இடத்தில் முக்காலியில் அதைப் பொருத்தி, கைபடாமல் இயங்கும்படி நேரம் குறித்து, சில விநாடிகள் திறந்து வைத்தால் ஓரியனின் மூன்று விண்மீன்களும் வரிசையாகப் பதியும். நேரத்தைக் கூட்டினால் அவை கோடுகளாக நீளும். பூமி சுழல்வதை நாமே படமெடுத்தவர்களாவோம். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. பழைய லென்ஸும் மரப்பெட்டியும் போதும் என்று காட்டியவர் பர்னார்டு. கடைகளில் விற்காத பொறுமையை மட்டும் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.