ஆங்கிலக் கால்வாயை வென்ற ஆரதி சாஹா

தாமிரபரணிக் கரையில் பிறந்தும் நீச்சலை மறந்தவள் நான். சிறுமியாய் இருந்தபோது அண்ணன்மாரோடு படித்துறையில் குதித்ததுண்டு. சடங்கானபின் முழங்காலளவு நீரில் குளித்துக் கரையேறுவதோடு எல்லாம் நின்றது.

2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் எங்கள் ஊர் தீவானது. ஆச்சியும் அம்மாவும் நானும் மொட்டை மாடியில் ஓர் இரவைக் கழித்தோம். வெள்ளத்தில் இறங்கி நீந்துவது அறிவுடைமை அன்று. ஆயினும் பழகிய ஆற்றைக் கண்டே நடுங்கியது என்னை உறுத்தியது. அதன்பின் நான் தேடிப் படித்ததே ஆரதி சாஹாவின் வாழ்க்கை.

1940 செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த ஆரதி, இளமையிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். உறவினரோடு ஆற்றுக்குக் குளிக்கச் சென்று நீந்தப் பழகினார். மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை அவரை நீச்சல் கழகத்தில் சேர்த்தார். 1952இல், தம் பதினோராம் வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் நம் நாட்டின் சார்பில் நீந்தினார்.

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையேயுள்ள ஆங்கிலக் கால்வாயைக் கடப்பதே அடுத்த கனவு. பணமில்லை, முதலமைச்சர் பி.சி. ராய் உதவினார். 1959 ஆகஸ்டு 27 அன்று வழிகாட்டும் படகு தாமதமாக வந்தது. இங்கிலாந்துக் கரை சில மைல் தொலைவில் இருந்தபோது எதிர்நீரோட்டம் மறித்தது. ஆரதி கண்ணீரோடு கரையேற நேர்ந்தது.

ஆயினும் அவர் ஊர் திரும்பவில்லை. செப்டம்பர் 29 அன்று மீண்டும் கடலில் இறங்கினார். கால்வாயின் குறுகிய அகலம் 21 மைல்தான். நீரோட்டத்தின் இழுப்பால் அவர் நீந்திய தொலைவோ 42 மைல். 16 மணி 20 நிமிடத்தில் கரை தொட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்மணியானார். 1960இல் பத்மஸ்ரீ விருது அவரை அணி செய்தது. 1994இல் அவர் மறைந்தார். 2004இல் வங்கத்தின் புலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை பாக் நீரிணையைக் கடந்தார். ஆரதி இறங்கிய நீரில் பெண்கள் இன்றும் இறங்குகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதலாள் நான். ஆரதியின் கதையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டவர், மறுநாள் விடியலில் என்னையும் சித்தி மகளையும் ஆற்றுக்கு அழைத்துச் சென்றார். இப்போது நீரோட்டம் குறைந்த நாட்களில் நாங்கள் பழகுகிறோம். படியில் ஆச்சி துண்டோடு காவல் இருக்கிறார்.

தோழியரே, ஆறு நமக்கும் உரியது. நீங்களும் வாருங்கள்!

— இரண்டாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்