ருஸ்தம் ஜல் வக்கீல்

ருஸ்தம் ஜல் வக்கீல் (1911 - 1974) இந்தியாவின் புகழ்பெற்ற இதயநோய் மருத்துவர்களுள் ஒருவர். நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் உயர் குருதியழுத்தத்தைத் தணிக்கும் என்பதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, மேலைநாட்டு மருத்துவர்களின் கவனத்திற்குக் கொண்டு சென்றவர் இவர்.

வாழ்க்கை

பார்சி குடும்பத்தில் பிறந்த வக்கீல் இலண்டனில் மருத்துவம் பயின்றார். நாடு திரும்பியபின் பம்பாயில் (இன்றைய மும்பை) கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவில் பணியாற்றினார்.

அக்காலத்தில் உயர் குருதியழுத்தம்

இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது குருதி பெருந்தமனி வழியாக உடலெங்கும் செல்கிறது. சிறு தமனிகள் இறுகிக் குறுகினால் அதே அளவு குருதியைத் தள்ளுவதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதனால் கீழறையின் சுவர் முதலில் தடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வலுவிழக்கும். அப்போது குருதி நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறல் உண்டாகும், கால்கள் வீங்கும். மூளையின் குழாய்கள் வெடிப்பதும் சிறுநீரகங்கள் பழுதடைவதும் இந்நோயின் வேறு விளைவுகள். நோயாளிக்குப் பல ஆண்டுகள் வரை எந்த வலியும் தெரியாது.

1940களில் இதற்குத் தக்க மருந்து இல்லை. உப்பில்லா உணவு, ஓய்வு, உறக்க மருந்துகள், மிஞ்சினால் நரம்புகளை வெட்டும் அறுவை மருத்துவம் ஆகியனவே வழிகளாக இருந்தன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட் 1945இல் மூளைக் குருதிப்பெருக்கால் இறந்தார். அவருக்கு மிகையான குருதியழுத்தம் இருந்ததை மருத்துவர்கள் அறிந்திருந்தும் அதைக் கட்டுப்படுத்த இயலவில்லை.

சர்ப்பகந்தா ஆய்வு

இவ்வேரின் குணத்தை முதலில் கண்டவர் வக்கீல் அல்லர். 1931இலேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அது குருதியழுத்தத்தைக் குறைப்பதையும் மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் எழுதியிருந்தனர். ஆனால் அக்கட்டுரை இந்தியாவிற்கு வெளியே அதிகம் படிக்கப்படவில்லை. வக்கீல் தம் நோயாளிகள் 50 பேரிடம் கண்ட முடிவுகளை 1949இல் பிரித்தானிய இதய ஆய்விதழில் வெளியிட்டார். வேரிலிருந்து செய்த மாத்திரைகளைச் சில வாரங்கள் உட்கொண்டபோது பெரும்பாலோருக்கு அழுத்தம் இறங்கியது. பிற நாடுகளில் இவ்வேரை ஆராயும் ஆர்வம் எழுந்ததற்கு இக்கட்டுரையே முதன்மைக் காரணம் எனலாம்.

1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன அறிவியலாளர்கள் வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். தமனிகளை இறுகச்செய்யும் நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்ட நாரட்ரீனலினை இது வற்றச் செய்கிறது. குழாய்கள் தளர்ந்து அழுத்தம் குறைகிறது. மூக்கடைப்பு, நாடித்துடிப்புக் குறைவு, அதிக அளவில் மனச்சோர்வு ஆகிய பக்கவிளைவுகளும் அறியப்பட்டன. பிற்காலத்தில் இதன் பயன்பாடு குறைந்ததற்கு இவையும் ஒரு காரணம்.

எனினும் குருதியழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கப்படும் என்பதை ஐயமற நிறுவியதில் ரெசர்பினுக்குப் பங்குண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 143 பேரிடம் நடத்தி 1967இல் வெளியிடப்பட்ட ஆய்வில் தரப்பட்ட மூன்று மருந்துகளுள் அதுவும் ஒன்று. மருந்து பெற்றவர்களைவிட வெற்று மாத்திரை பெற்றவர்களிடையே இறப்பும் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் மிகுந்திருந்தன. அதுவரை, உயர்ந்த அழுத்தம் உடலுக்குத் தேவையானதே, குறைப்பது தீங்கு என்று கருதிய மருத்துவர்களும் இருந்தனர்.

விருதுகளும் பிற்காலமும்

வக்கீலுக்கு 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. அதே ஆண்டில் ரெசர்பினை மனநோய்க்குப் பயன்படுத்திய நேதன் கிளைனும் அவ்விருதைப் பெற்றார். இந்திய அரசு 1958இல் பத்ம பூசண் வழங்கியது. 1965இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார். இந்திய மருத்துவர்களுக்கென இந்திய மருத்துவர்களே எழுதிய பொது மருத்துவப் பாடநூலின் முதற்பதிப்பு 1969இல் இவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. வக்கீல் 1974இல் காலமானார்.