கெமிஸ்தம் தந்த வைத்தியர்



வேதியியல் என்றதும் நம்மில் பாதிப் பேருக்குக் காய்ச்சலே வந்துவிடும். அந்தப் பாடத்தைத் தமிழில் கொண்டுவரப் பாடுபட்ட ஒரு அமெரிக்கரைப் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறேன். அவர்தான் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

1822-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்துத் தேறி, 1847-இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, பிறகு மானிப்பாய். வந்த வயதோ 25. அதற்குப் பிறகுதான் தமிழ் கற்றுக்கொண்டார்.

நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்காமல், உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த வகுப்பை 1860-களில் தமிழுக்கு மாற்றினார். படித்தவர்கள் கிராமத்து ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? தானே உட்கார்ந்தார். மாணவர்களும் கூடத் தோள் கொடுத்தார்கள். 1852-இல் உடற்கூற்று நூல், 1857-இல் பிரசவ வைத்திய நூல், 1867-இல் இரண வைத்தியம் என்று வரிசையாக வந்தன. 1875-இல் வெளிவந்ததுதான் வேதியியல் நூலாகிய 'கெமிஸ்தம்'. தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லாவிட்டால் வெளிச்சொல்லுக்கே தமிழ் உடை உடுத்தினார். புத்தகத்தின் பெயரே அதற்குச் சாட்சி.

உடல்நலம் குன்றி 1873-இல் தாய்நாடு திரும்பியவர், அங்கிருந்தும் தமிழ்ப் பணியை விடவில்லை. 1884-இல் மறைந்தார். தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர் அவர்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எங்கப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். பத்தாம் வகுப்பில் 'தெவிட்டிய கரைசல்' படித்தபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற, இதற்கு மேல் கரைய முடியாது என்கிற நிலை வரும். அப்புறம் உப்பு பூக்கும். அப்பா தினமும் பார்ப்பது அதைத்தானே! டிப்ளமோ முதலாண்டில் அதுவே 'சாச்சுரேட்டட் சொல்யூஷன்' என்று வந்தது. பெயர்தான் புதுசு, விஷயம் பழசு என்று தைரியம் வந்தது.

என் தங்கச்சி இப்போது திண்டிவனத்தில் பத்தாவது படிக்கிறாள், தமிழ் மீடியம். தமிழில் படித்தவளுக்கு ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எதுக்கு, ஏறாது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். அம்மாவும் யோசிக்கிறாங்க. கிரீன் கதையைத்தான் நான் வீட்டில் சொன்னேன். 25 வயதில் வந்த ஒருவர் தமிழ் கற்று, அதில் வேதியியலையே தர முடிந்தது என்றால், தமிழில் புரிந்துகொண்ட பெண் பிறகு ஆங்கிலச் சொற்களைக் கற்க முடியாதா? புரிந்த பாடத்துக்கு இன்னொரு பெயர் கற்பது பெரிய பாரமல்ல.

எனவே நண்பர்களே, ஆங்கிலத்தை அவசியம் கற்போம். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் நம் தம்பி தங்கைகளிடம், தமிழில் படித்தால் அறிவியல் வராது என்று ஒருபோதும் சொல்லாதிருப்போம்!